கதவு உரசுகிறது, தரை கிறீச்சிடுகிறது: வீட்டு மரச்சட்டக் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

மரவேலையில் கோளாறு என்று அழைப்பவர்கள் முதலில் சொல்வது மரத்தின் பெயரைத்தான். "நல்ல தேக்குதான் போட்டோம், அப்படியும் இப்படி ஆகிவிட்டது" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. வாங்கிய நாளில் அதன் ஈரம் எவ்வளவு இருந்தது? இதற்குப் பதில் பெரும்பாலும் வருவதில்லை. உயர்ந்த ஜாதி மரத்தைப் பச்சையாகப் பொருத்தினால் அது கோணும். எளிய மரம் நன்றாகக் காய்ந்து, நேராக அறுக்கப்பட்டிருந்தால் தலைமுறைக்கும் நிற்கும். பெயரை நம்பி நிலையைப் பார்க்காமல் வாங்கிய மரம்தான், கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன், இதை அடுத்து வரும் ஈரம் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றன.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஈரத்தை அளங்கள்

மரத்துக்குள் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுண்குழல்களின் வெற்றிடத்தில் தேங்கி நிற்பது ஒன்று, அவற்றின் சுவர்களுக்குள் ஊறியிருப்பது மற்றொன்று. வெட்டிய மரம் காயும்போது தேங்கிய நீர் முதலில் போகும். அப்போது எடை குறையுமே தவிர அளவு குறையாது. ஈரப்பதம் ஏறத்தாழ 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்குகிறது. "அறுத்து ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றும் சுருங்கவில்லை" என்ற பேச்சை நம்பி ஏமாறுவது இதனால்தான். சுருக்கம் அதற்குப் பிறகு, உங்கள் வீட்டுச் சுவருக்குள் நடக்கும்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பச்சை மரம் துளி ஈரமும் இல்லாமல் காயும்வரை கணக்கிட்டால், நீளவாக்கில் 0.1–0.2 சதவீதம்தான். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பெரும்பாலான மரங்கள் 3–5 சதவீதம் சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தேக்குக்கு இந்த எண்கள் 2.5, 5.8. தேக்கின் பெருமைக்கு ஒரு காரணம் இந்தக் குறைந்த எண்கள். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது.

ஊசி முனை கொண்ட ஈரப்பத மீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது. சட்டத்தின் முனையில் அளக்காதீர்கள், முனை எப்போதும் உட்புறத்தைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். முனையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, மூன்று நான்கு இடங்களில் அளங்கள். 30 சதவீதத்துக்கு மேல் மீட்டர் காட்டும் எண் நம்பத்தக்கதல்ல, "பச்சை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புகள் கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் துண்டு ஒன்றை அறுத்து எடைபோட்டுப் பார்க்கலாம். சட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து 2 செ.மீ. தடிமனுக்கு ஒரு வில்லையை அறுத்து உடனே எடைபோடுங்கள். அதை 103 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வையுங்கள். முதல் எடை 60 கிராம், கடைசி எடை 50 கிராம் என்றால் போன நீர் 10 கிராம். அதைக் காய்ந்த எடையான 50-ஆல் வகுத்தால் ஈரப்பதம் 20 சதவீதம். மீட்டரைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

எவ்வளவு இருக்க வேண்டும்? கூரை, தரை, சுவர்ச் சட்டங்களுக்கு 19 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கதவு, ஜன்னல், உள்வேலைகளுக்கு அந்த இடத்துக் காற்றுதான் அளவுகோல். காற்றின் ஈரம் 50 சதவீதமாக நிலைத்திருந்தால் மரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் வந்து நிற்கும். 65 என்றால் 12, 80 என்றால் 16. பொருத்தும்போது மரம் அந்த எண்ணை ஒட்டி இருந்துவிட்டால் பிறகு பெரிதாக அசையாது.

கதவோ ஜன்னலோ உரசுகிறது

இழைப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். கதவைச் சாத்தி, கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்துச் சுற்றிலும் இழுத்துக்கொண்டு வாருங்கள். தாள் சிக்கும் இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள். அந்தக் குறிகளே காரணத்தைச் சொல்லிவிடும்.

பூட்டு இருக்கும் பக்கம் மேலிருந்து கீழ்வரை சீராக உரசினால் கதவு உப்பியிருக்கிறது. ஈரமான மாதங்களில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் அது பருவத்தோடு வந்து போகும் உப்பல். 900 மி.மீ. அகலத்துக்குத் தேக்குப் பலகைகளைச் சேர்த்துச் செய்த முழுப் பலகைக் கதவு, ஈரப்பதம் 12-லிருந்து 16-க்கு ஏறும்போது 7 மி.மீ. வரை அகலக்கூடும். அந்த நேரத்தில் இழைத்துவிட்டால் வறண்ட மாதத்தில் விரல் நுழையும் இடைவெளி தெரியும். காய்ந்த பருவம் வரும்வரை பொறுத்திருங்கள். அதற்குள் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். முகம் இரண்டும் பளபளவென்று இருக்க, இந்த இரண்டு விளிம்புகளும் பாலிஷோ பெயின்ட்டோ காணாமல் வெற்று மரமாக இருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். மரம் மற்ற பக்கங்களைவிட வெட்டுமுனை வழியாகத்தான் மிக வேகமாக நீரை உறிஞ்சும். நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுனைகள் இந்த இரண்டு விளிம்புகளில்தான் இருக்கின்றன. கதவு காய்ந்திருக்கும்போது அதைக் கழற்றி, இரண்டையும் இரண்டு பூச்சு அடைத்துவிடுங்கள். பாதிக் கதவுகள் இதோடு அடங்கிவிடும்.

சட்டம் போட்டு நடுவில் பலகை செருகிய கதவைப் பழைய தச்சர்கள் ஏன் விரும்பினார்கள் என்பதும் இங்கே விளங்கும். பலகை தன் பள்ளத்துக்குள் விருப்பம்போல் அகன்று சுருங்கும், கதவின் அகலம் அதிகம் மாறாது. அந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அதற்கு அசைய இடமில்லை. ஒன்று பலகை வெடிக்கும், இல்லையென்றால் சட்டத்தின் இணைப்பு திறக்கும்.

ஒரு மூலையில் மட்டும் உரசினால் நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நிலையில் குறையில்லை, மேல் கீல்தான் தளர்ந்திருக்கும். சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும் நீண்ட திருகாணி ஒன்றைப் போட்டால் கதவு மீண்டும் மேலேறும். மூலைவிட்டங்கள் வேறுபட்டால் நிலை சாய்ந்திருக்கிறது. மாதத்துக்கு மாதம் வேறுபாடு கூடிக்கொண்டே போனால், மேலே இருக்கும் உத்தரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தரைத் தொய்வுப் பகுதியைப் படியுங்கள்.

கதவு எங்கும் உரசவில்லை, ஆனால் சாத்தும்போது ஒரு மூலை முதலில் முட்டுகிறது, எதிர் மூலை வெளியே நிற்கிறது என்றால் கதவே முறுக்கியிருக்கிறது. 5 மி.மீ.க்குள் இருந்தால் தடுப்புச் சட்டத்தை நகர்த்திச் சமாளிக்கலாம். அதைவிட அதிகமென்றால் எந்த வேலையும் நிலைக்காது, கதவை மாற்ற வேண்டும்.

ஆணித் தலை வெளியே தள்ளுகிறது, இணைப்பில் இடைவெளி விழுகிறது

இது பச்சை மரத்தின் கையெழுத்து. 200 மி.மீ. உயரமுள்ள ஓர் உத்தரத்தை 30 சதவீத ஈரத்தில் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். அது 12 சதவீதத்துக்குக் காய்கிறது. வளையத்தை ஒட்டிய திசையில் முழுச் சுருக்கம் 8 சதவீதம் உள்ள மரமென்றால், உயரத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. குறைந்துவிடும். அதன்மேல் அமர்ந்த பலகை, சுவர், ஆணி எதுவும் அதற்கேற்ப இறங்காது. ஆணியின் முனை சட்டத்தின் உள்ளே இருக்கும் இடத்திலேயே நிற்க, மரம் அதைச் சுற்றிச் சுருங்குவதால் தலை மட்டும் மேலே எழும்புகிறது. பச்சை மரத்தில் அடித்த ஆணிக்கு இன்னொரு கேடும் உண்டு. மரம் காய்ந்தபின் அதன் பிடிமானம் பெருமளவு குறைந்துவிடும்.

தலை தள்ளியவுடன் சுத்தியலால் உள்ளே அடிப்பது வீண். ஈரத்தை அளங்கள். இன்னும் 15-க்கு மேல் இருந்தால் மரம் காய்ந்து முடியவில்லை, இப்போது அடித்தால் மறுபடி வரும். அளவு நிலைத்தபின், பழைய ஆணிக்கு இரண்டு விரல் தள்ளித் திருகாணி போட்டு இறுக்குங்கள். அதன்பிறகு பழையதைப் பிடுங்கி ஓட்டையை அடைக்கலாம். போல்ட் போட்ட இணைப்புகளை மட்டும் முதலாண்டில் இருமுறையாவது மறுபடி இறுக்க வேண்டும்.

தரை கிறீச்சிடுகிறது, நடந்தால் அதிர்கிறது, நடுவில் தொய்ந்திருக்கிறது

மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். கிறீச்சிடுதல் சத்தம் மட்டுமே, ஆபத்தில்லை. பலகைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையில் விழுந்த மெல்லிய இடைவெளியில் பலகை ஆணியோடு உரசுகிறது. ஒருவர் மேலே நடக்க, மற்றவர் கீழே இருந்து கையை வைத்துப் பார்த்தால் இடம் தெரியும். இடைவெளியில் பசை தடவிய மெல்லிய ஆப்பைச் செருகுங்கள், அடித்து ஏற்றாதீர்கள். மேலிருந்துதான் முடியும் என்றால் திருகாணி போதும். புதிதாகப் போடும்போது சட்டத்தின் தலையில் பசையும் திருகாணியும் சேர்த்துப் போட்டால் இந்தச் சத்தம் பெரும்பாலும் எழுவதேயில்லை.

அதிர்வும் தொய்வும் வலுவைப் பற்றியவை. சட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு நூலை இறுகக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளங்கள். தரைச் சட்டம் ஆட்கள், பொருள்களின் பாரத்தால் வளைவது, இடைத்தூரத்தை 360-ஆல் வகுத்து வரும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 3.6 மீட்டர் இடைத்தூரத்துக்கு அது 10 மி.மீ. நிரந்தரத் தொய்வே அதைத் தாண்டியிருந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

முதலில் டார்ச் விளக்கோடு அடியில் போய்ப் பாருங்கள். குழாயோ மின்கம்பியோ கொண்டுபோக யாராவது சட்டத்தின் அடிவிளிம்பில் பள்ளம் வெட்டியிருக்கிறார்களா? நான் கண்ட தொய்வுகளில் மிக வருத்தம் தந்தவை இவைதான். குற்றமில்லாத நல்ல மரத்தை ஐந்து நிமிட வேலை பாழாக்கிவிடுகிறது. சட்டத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் மேலோ கீழோ பள்ளம் வெட்டவே கூடாது. முனைப் பக்கங்களில் வெட்டினாலும் உயரத்தில் ஆறிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. துளை வேண்டுமென்றால் உயரத்தின் நடுவில், துளையின் விட்டம் உயரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல், விளிம்புகளிலிருந்து 50 மி.மீ. விட்டுப் போடலாம்.

பள்ளம் இல்லையென்றால் அடுத்து அளவைப் பாருங்கள். சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேராகவும், உயரத்தின் மூன்றாம் படிக்கும் ஏற்பக் கூடும். 150 மி.மீ. உயரச் சட்டத்துக்குப் பதில் அதே அகலத்தில் 200 மி.மீ. போட்டால் மரம் கூடுவது மூன்றிலொரு பங்குதான், விறைப்போ 2.37 மடங்காகிறது. தடித்த, உயரம் குறைந்த சட்டத்தைப் பார்த்து "நல்ல கனம்" என்று மகிழ்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

மூன்றாவது காரணம் மறுபடி ஈரமே. பாரத்தைச் சுமந்தபடியே காயும் பச்சை மரம், காய்ந்த மரத்தைவிட அதிகமாகத் தொய்ந்து, அப்படியே உறைந்துவிடும். பாரத்தை இறக்கினாலும் முழுவதும் நிமிராது.

சீர் செய்ய, முதலில் அடியில் முட்டுக்கொடுத்து மெல்ல மெல்லத் தூக்குங்கள். ஒரே நாளில் தூக்கினால் மேலே சுவர் வெடிக்கும். பிறகு பழைய சட்டத்தின் பக்கத்தில், தாங்குமுனை முதல் தாங்குமுனை வரை நீளமுள்ள காய்ந்த புதுச் சட்டத்தைச் சேர்த்து போல்ட்டுப் போடலாம். சுவரையோ கூரையையோ தாங்கும் உத்தரமே தொய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை எதையும் வெட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம்.

வாங்கி அடுக்கிய சட்டங்கள் கோணிக்கொண்டன

கோணலில் நான்கு வகை உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணித் தூக்கி எறியவும் கூடாது, எல்லாவற்றையும் பொருத்திவிடவும் கூடாது. சட்டத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள்.

அகன்ற முகம் வில்லாக வளைந்திருந்தால் கவலை குறைவு. பல இடங்களில் இறுக்கும்போது நேராகிவிடும். குறுகிய விளிம்பு வில்லாக வளைந்திருந்தால், அதைத் தரைச் சட்டமாக, வளைவின் முதுகு மேலே இருக்கும்படி போடுங்கள். பாரம் ஏறும்போது தட்டையாகும். எல்லாச் சட்டங்களின் முதுகும் ஒரே பக்கம் இருப்பது அவசியம், ஒன்று தலைகீழாகப் போனால் தரை அலையடிக்கும். சுவரில் நிற்கும் சட்டத்துக்கு இப்படிப்பட்டது உதவாது, துண்டுபோட்டுச் சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். குறுக்கே குழிந்த பலகையைக் கட்டாயப்படுத்தித் தட்டையாக்கினால் நடுவில் பிளக்கும். நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் படியாமல் முறுக்கிக்கொண்டது இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளாம்ப் போட்டு நிமிர்த்தி ஆணியடித்தாலும் சுவரையும் சேர்த்து முறுக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முனையிலுள்ள வளையங்கள் சொல்லும். பலகையாக அறுத்த மரம் காயும்போது, வளையங்கள் நேராக நிமிர முயல்வதுபோல் வளைகிறது. அதனால் பட்டை இருந்த பக்கம் குழியும். முனையில் மரத்தின் நடுப்புள்ளி தெரிந்தால் எச்சரிக்கை. அதைச் சுற்றியுள்ளது மரம் இளங்கன்றாக இருந்தபோது வளர்ந்த பகுதி, அது நீளவாக்கிலேயே 2 சதவீதம் வரை சுருங்கக்கூடும். ஒரு விளிம்பில் இளமரமும் மறு விளிம்பில் முதிர்ந்த மரமும் இருந்தால், ஒரு பக்கம் குட்டையாகி மறுபக்கம் அப்படியே நிற்க, சட்டம் வில்லாவதைத் தவிர வேறு வழியில்லை. சாய்ந்து வளர்ந்த மரத்திலிருந்து அறுத்ததும் இதே வேலையைச் செய்யும். முறுக்குக்குக் காரணம் நார்கள் தண்டைச் சுற்றித் திருகிக்கொண்டு வளர்ந்தது. பட்டை உரித்த கட்டையில் வெடிப்புக் கோடுகள் நேராக ஓடாமல் சுற்றிச் சுற்றி ஓடினால் அந்தக் கட்டையை அறுக்கவே சொல்லாதீர்கள்.

மரம் வெடிக்கிறது

மேல்முகத்தில் மட்டும், நாரின் போக்கில் ஓடும் சிறு வெடிப்புகள் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்ததால் வந்தவை. பெரிய உத்தரங்களில் இவை இயல்பு. மெல்லிய இரும்புத் தகட்டை நுழைத்து ஆழம் பாருங்கள், ஆழமில்லையென்றால் விட்டுவிடலாம். ஒரு முகத்திலிருந்து எதிர்முகம் வரை பிளந்தது வேறு கதை. அது முனையில், இணைப்புக்கு அருகில் இருந்தால் அந்த நீளத்தை அறுத்து எறியுங்கள்.

ஆண்டு வளையத்தை ஒட்டி, வெங்காயத் தோல் பிரிவதுபோல் வளைந்து ஓடும் வெடிப்பு இருந்தால் அந்தச் சட்டத்தை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். அது காய்ந்ததால் வந்ததல்ல, மரம் நிற்கும்போதே உள்ளே பிரிந்தது. வெளியே ஒரு விரல் நீளம் தெரிந்தால் உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

போல்ட் வரிசையின் வழியே சட்டம் பிளந்தால் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம். அகலத்தின் குறுக்கே இரண்டு போல்ட்டுகளை ஒரே இரும்புத் தகட்டில் இறுக்கிவிட்டு, மரம் ஈரமாக இருந்தால், அது சுருங்க இடமில்லாமல் இரண்டுக்கும் நடுவே பிளக்கும்.

அடியில் தூள் கொட்டுகிறது

தூளை விரலில் எடுத்துத் தேயுங்கள். மைதா மாவுபோல் வழுக்கினால், மரத்தில் 1–2 மி.மீ. வட்ட ஓட்டைகளும் இருந்தால், அது மாவுவண்டு. இந்த வண்டு (ஊசியிலை மரங்களில் அல்லாமல்) அகன்ற இலை மரங்களின் வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத்தான் தின்கிறது. தச்சர்கள் "வெள்ளை" என்று சொல்லும் அந்த வெளிர்ப் பகுதியை ஒதுக்கி, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் வாங்கியவருக்கு இந்தத் தொல்லை வராது. தூள் மாவாக இல்லாமல், ஒரே அளவான குறுமணிகளாக, உருப்பெருக்கியில் பார்த்தால் ஆறு பக்கங்களோடு இருந்தால், அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானின் எச்சம். மண்ணால் கட்டிய குழல்கள் சுவரேறினால் நிலத்துக் கரையான். அதற்கு மரத்தில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, நிலத்திலிருந்து வரும் வழியை அடைக்க வேண்டும்.

பழைய ஓட்டையா, இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, தூளைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் காத்திருங்கள். மறுபடி கொட்டினால் உயிர் இருக்கிறது. போராக்ஸ் வகை மருந்து வெற்று மரத்தில் நன்றாக இறங்கும். பாலிஷ் மேல் தடவினால் உள்ளே போகாது. அது நீரில் கரைவதால் மழை படும் இடத்துக்கு ஆகாது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியை அடைந்து 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றியதாக முத்திரை குத்திய மரம் விற்பார்கள். பன்னாட்டுச் சரக்குப் பெட்டி மரங்களுக்கான விதி அது. அன்று உள்ளே இருந்த பூச்சி செத்துவிட்டது என்பதே அதன் பொருள், நாளை வருவதை அது தடுக்காது.

கறை, பூஞ்சை, மிருதுவாதல்

நீலம் கலந்த சாம்பல் கறை வெளிர்ப் பகுதியில் படர்ந்திருந்தால் அழகு கெட்டது, வலு கெடவில்லை. துடைத்தால் போகும் பூஞ்சையும் அப்படியே. ஆனால் இரண்டும் "இந்த மரம் நீண்ட நாள் ஈரமாகக் கிடந்தது" என்று சொல்கின்றன, அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்தால் மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடியதன் விளைவு. ஆக்சாலிக் அமிலக் கரைசல் கறையைப் போக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அழுகலா என்ற ஐயம் வந்தால் கத்தி முனையை நார்ப்போக்குக்குக் குறுக்கே செருகி மேலே நெம்புங்கள். நீளமான சிம்பு எழும்பினால் மரம் திடமாக இருக்கிறது. குட்டையாக, சத்தமின்றி, ரொட்டித் துண்டுபோல் உடைந்தால் பூஞ்சை உள்ளே போய்விட்டது. அழுகிய பகுதியையும் அதற்கு அப்பால் அரை மீட்டர் நல்ல மரத்தையும் அறுத்தெடுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்து நிற்கும் மரத்தில் அழுகல் தொடங்காது. எனவே நீர் வரும் வழியை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றுவது பணத்தை நீரில் போடுவது.

செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் சாதாரண ஆணிகள் விரைவில் அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். அறுத்த முனைகளில் மருந்தை மறுபடி தடவுங்கள், ஏனென்றால் மருந்து நடுப்பகுதி வரை போயிருக்காது.

பிளைவுட் விளிம்பு உப்புகிறது, அடுக்கு பிரிகிறது

பிரிந்ததை ஒட்டிப் பயனில்லை. வாங்கும் முன் ஒரு சிறு துண்டு கேட்டு, சில மணி நேரம் நீரில் கொதிக்க வையுங்கள். நீர்புகாப் பசை என்று சொன்னது பொய்யென்றால் அடுக்குகள் பாத்திரத்திலேயே பிரிந்துவிடும். விளிம்பில் கரும்பழுப்புப் பசைக்கோடு நல்ல அடையாளம். உள்ளடுக்கில் ஓட்டைகள் தெரிந்தால் அங்கே திருகாணி பிடிக்காது. பலகைகளுக்கு இடையில் 3 மி.மீ. விட்டுப் பொருத்துங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

மரவாடியில் மேலே அடுக்கியதை மட்டும் காட்டினால் நடுவிலிருந்து நீங்களே உருவுங்கள். முதலில் முனை: நடுப்புள்ளி இருக்கிறதா, வளையங்கள் நெருக்கமா, வட்ட வெடிப்பு உண்டா. பிறகு கண்ணுக்கு நேரே தூக்கிக் கோணல் பார்க்க வேண்டும். மூன்றாவது நாரின் சாய்வு. நார் 10 செ.மீ. ஓடுவதற்குள் 1 செ.மீ. விலகினால் வளைக்கும்போது முறியாமல் தாங்கும் வலுவில் 19 சதவீதம் போய்விடுகிறது. 5 செ.மீ.க்கு 1 செ.மீ. என்றால் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். முகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை உத்தரத்துக்கு எடுக்காதீர்கள். கணு இறுக்கமாக, சட்டத்தின் நடுக்கோட்டை ஒட்டி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதே கணு அடிவிளிம்பில், நடு நீளத்தில் இருந்தால் முறிவு அங்கேதான் தொடங்கும்.

அளவை அளந்து வாங்குங்கள். வட அமெரிக்க முறையில் "இரண்டுக்கு நான்கு" என்று பெயர் சொல்லி விற்கும் சட்டம், காய்ந்து இழைத்தபின் 38×89 மி.மீ.தான், 2×4 அங்குலம் அல்ல. பெயரை வைத்துக் கணக்குப் போட்டவரின் நிலை பொருந்தாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மரம் வந்து இறங்கியதும் தரையில் கிடத்தாதீர்கள். முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அடுக்குகளுக்கு இடையில் 25 மி.மீ. குறுக்குக் கட்டைகளை அரை மீட்டருக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வையுங்கள். கட்டை கோடு தவறினால் பாரம் சட்டத்தின் மேல் விழுந்து அங்கேயே வளைக்கும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும். பிளாஸ்டிக் விரிப்பால் முழுவதும் போர்த்தினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசினால் முனை வெடிப்பு குறையும்.

ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் பென்சிலால் தேதியையும் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எண் இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருக்க வேண்டும். தேவையான அளவுக்குள் வந்து, அடுத்தடுத்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் தச்சரை வரச் சொல்லலாம்.